உடைக்காத மண்கட்டி

– பொய் சொல்லாத முனியம்மா. நேத்து சாயங்காலம் நானே நின்னு எண்ணுனேன்லா, ஏழு கெண்டைக்குஞ்சு. இப்பம் தொட்டில அஞ்சுதான் கெடக்கு.

– நா ஏன் ஆபீசரம்மா பொய் சொல்றேன்? காலைல வந்தேன், பாத்தரம் வெளக்குனேன், வூடு தொடச்சேன். ஐயா பேண்ட்டெல்லாம் ஒரே செம்மண்ணு கறை, ரெண்டு தபா சோப்பு போட்டு கசக்குனேன். அவ்ளோதான். தொட்டிகிட்ட போனா திட்டுவீங்கன்னு அந்த மூலையக்கூட வுட்டுட்டுத்தான் தொடச்சேன்.

– அந்த மூலைய மட்டும் ஏன் விட்ட?

– இன்னாம்மா இது. தொடச்சாலும் தப்பு, தொடைக்காட்டியும் தப்பா?

– தப்புன்னு சொன்னேனா? கேக்கேன். கேக்கப்பிடாதா? மொதல்ல நண்டு போச்சு. பெறவு ரெண்டு தவக்களைக்குஞ்சு. இப்பம் மீனு. சுத்திக் கண்ணாடி, மேல கம்பிவலை மூடி. எப்பிடிப் போகும், கேட்டியா, றெக்கை முளைச்சா?

– நண்டு எங்கம்மா பூட்சி? ஓடு கெடந்துச்சே மண்ணு மேல. நாந்தான அள்ளிப் போட்டேன்.

– ஓடு கெடந்தது. உள்ள இருந்த சதை எங்க?

– அத்தப் போய் எங்கிட்ட கேக்குறீங்களே.

– சரி, அதை விடு. இங்ஙன உக்காரு. தரையில வேண்டாம், அந்த முக்காலியில.

– வேணாம்மா, நின்னுக்கினே கீறேன்.

– உக்காருங்கேன்லா. ஒங்கிட்ட ஒரு யோசனை கேக்கணும். ஞாயித்துக்கெழமை தொட்டில புதுசா உசுருங்க விடலாம்னு இருக்கேன். நீ பிள்ளைப்பாக்கத்துக்காரி, ஏரிக்கரையிலயே பொறந்து வளந்தவ. நாங்க சைவம், திருநெல்வேலிப் பக்கம், எனக்கு மீனும் தெரியாது நண்டும் தெரியாது. பாதி தண்ணி, பாதி மண்ணு. ரெண்டுலயும் பிழைக்கணும், ஒண்ணை ஒண்ணு கடிக்கப்பிடாது. எதை விடலாம், நீயே சொல்லு.

– போன மாசம் டிரைவர் சுப்பராயன் அண்ணன் சொன்னதத்தான வுட்டீங்க?

– அவன் சொன்னது ஒண்ணும் தங்கல. நீ சொல்லு.

– ம். அயிர வுடலாம்மா. மண்ணுல பூந்துக்கும், பாக்க துறுதுறுன்னு இருக்கும். விரால் குஞ்சு நாலு வுடலாம், சின்னதுல செவப்பா அழகா இருக்கும். கெளுத்தி வேணாம், முள்ளு குத்திடும். கரப் பக்கத்துக்கு வயல் நண்டு ஒரு ஜோடி.

– அயிரைய நீங்க எப்பிடி வைப்பீங்க? கொழம்பா?

– அயிரன்னா கொழம்புதாம்மா. கல்லு உப்பு போட்டு சட்டில ஒரசி, மாங்கா கீறிப் போட்டு வெச்சா மறுநாளு இன்னும் ருசியா இருக்கும்.

– விரால்?

– காச்சக்காரனுக்குக்கூட குடுக்கலாம். முள்ளு கம்மி.

– நண்டு?

– இடிச்சி ரசம் வெப்போம், சளிக்கு நல்லது. எதுக்கும்மா கேக்குறீங்க?

– சும்மாதான். நீ சொன்ன மூணுமே சட்டிக்குப் போறதா இருக்கேன்னு பாத்தேன்.

– ஓ. யோசன கேக்கறேன்னு முக்காலில குந்த வெச்சது இதுக்குத்தானா?

– நீ ஏன் மொகம் மாறுத?

– மாறாம? ஏரில எது கீதோ அத்தத்தாம்மா நாங்க திங்கறோம். ஏரில கீறத்தச் சொல்லுன்னா வேற எத்தச் சொல்லுவேன்?

– அப்பம் திங்காதது ஒண்ணு சொல்லேன்.

– தேரத் தவளைய வுடுங்க. நத்த வுடுங்க.

– நத்தை திம்பாங்கன்னு சுப்பராயன் சொன்னானே.

– சரி, நத்த வேணாம். தேர மட்டும் வுடுங்க. அத்த யாரும் தொட மாட்டாங்க, நானும் தொட மாட்டேன்.

– எனக்கு ஆமை விடணும்னு ஆசை. கல்கத்தாவுல அவுக சிநேகிதர் வீட்டுல இதே மாதிரி தொட்டில கண்டேன். மண்ணுல ஏறி வெயில் காயும், பெறவு மெதுவா தண்ணில எறங்கும். பாத்துக்கிட்டே இருக்கலாம்.

– ஆமையா? வேணாம்மா. வூட்டுக்குள்ள ஆமைய வுட்டாங்கன்னு கேள்விப்பட்டா எங்க ஊர்ல உங்க வாசப்படி மிதிக்க மாட்டாங்க. நானும் வர மாட்டேன்.

– ஏன்? ஆமைய முந்தானையில ஒளிக்க முடியாதுன்னா?

– இன்னா பேச்சும்மா இது. மொகத்துக்கு நேரா கேட்டுடுங்க. இப்பிடிச் சுத்தி வளைக்காதீங்க.

– நேராவே கேக்கேன். செவ்வாக்கெழமை ஒங்க தெரு வழியா ஜீப்பு வந்துதாம். மீன் கொழம்பு வாசம் தெருமொனை வரைக்கும் வந்துதாம்.

– இதுவும் சுப்பராயன் சொன்னதா? கருவாடும்மா அது. ஏரி வத்தி மூணு மாசம் ஆவுது, பச்ச மீனு எங்க கீது? எங்க வூட்ல ஏழு பேரு. வெரல் நீளத்துக்கு ரெண்டு குஞ்ச வெச்சிக்கினு நா யாருக்குக் கொழம்பு ஊத்துவேன்?

– நாளைக்கு ரெண்டுன்னு எடுத்துச் சேத்து வைக்கலாம்லா.

– சேத்து வைக்க அது இன்னா புளியா?

– மறைக்காமச் சொல்லிருதேன், கேட்டியா. நேத்து எண்ணி முடிச்சதும் மூடிக்குக் குறுக்க கறுப்பு நூல் கட்டி வச்சேன். கண்ணுக்கே தெரியாது.

– அறுந்துச்சா?

– இல்ல.

– நூலு அறுவல, மூடி தொறக்கல, ரெண்டு மீனக் காணோம். அப்போ நா எப்பிடிம்மா எடுத்தேன்?

– நீ மறுபடியும் கட்டிருப்ப.

– கண்ணுக்கே தெரியாத நூல நா அவுத்துட்டு மறுபடி கட்டுனனா?

– அதான் எனக்கும் வெளங்கல. வல்லக்கோட்டை முருகன் கோயில்ல வந்து கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவியா?

– பண்ணுவேன். சுப்பராயனையும் கூப்பிடுங்க, அந்தாளும் அணைக்கட்டும். நீங்களும் வாங்க. மூணு வருசமா இந்த வூட்ல வேல செய்றேன், ஒரு ஸ்பூனு காணாம போயிருக்குதா?

– போகல. அதனாலதான் அவுகட்ட இன்னும் சொல்லல. சொன்னா என்ன ஆகும்னு தெரியும்லா? ஒன் வீட்டுக்காரன் நடேசனுக்கு வேலை நிரந்தரம் ஆகுற காகிதம் அவுக மேசையில கெடக்கு. இந்த வாரம் கையெழுத்து. திருட்டுப் பேரு இருக்குற வீட்டு ஆளுக்கு எப்பிடிக் கையெழுத்துப் போடுவாக?

– ஆறு வருசம்மா. ஆறு வருசமா ஐயா பாக்டரில டெம்பரவரி. எவனாவது லீவு போட்டாத்தான் அவருக்கு ஷிப்டு. தெனம் காலைல சோத்து டப்பாவத் தூக்கிக்கினு கேட்டாண்ட போய் நின்னு, வேல இல்லன்னா அதே டப்பாவோட திரும்பி வருவாரு. பத்து மணிக்கு வூட்ல குந்திக்கினு அந்த சோத்தத் துன்னுவாரு. அத்தப் பாக்க முடியாம நா பொடக்கடைக்குப் பூடுவேன்.

– அப்பம் உண்மையச் சொல்லு. எடுத்தேன்னு ஒரு வார்த்தை. இங்ஙனயே முடிஞ்சிரும், அவுக காதுக்குப் போகாது.

– எடுக்காதத எடுத்தேன்னு சொல்ல மாட்டேன். நவுருங்க, தொட்டியப் பாக்கணும்.

– எதுக்கு?

– திருடன் உள்ளயே கீறானான்னு பாக்கத்தான்.

– இரு. மொதல்ல கையக் காட்டு. முந்தானையையும் ஒதறிரு. நீயா எதையாவது உள்ள போட்டுட்டு, இதுதான் தின்னுதுன்னு சொல்லப்பிடாதுல்லா.

– தோ கையி. தோ முந்தான. வளையலக் கழட்டட்டுமா? நல்லா பாத்துக்கோ.

– கோவப்படாத.

– கோவம் இல்லம்மா, வவுறு எரியிது. சரி, மூடியத் தொற. உன் நூல நீயே அவுத்துக்கோ.

– அவுத்தாச்சு.

– தண்ணி ஓரமா மண்ணு மேல பளபளன்னு ஒரு கோடு போவுது பாரு. எத்தினி நாளா கீது?

– ஒரு வாரமா இருக்கு. நத்தை போன தடம்னு நெனச்சேன்.

– நத்தையே வுடாத தொட்டில நத்த தடம் எங்கேந்து வரும்? ராத்திரில சத்தம் எதுனா கேக்குமா?

– 'களக்'னு ஒண்ணு கேக்கும். மேல வந்து காத்தை முழுங்குன மாதிரி. தவக்களைன்னு விட்டுருவேன்.

– தவக்கள காணாம போனப்புறம்?

– அப்பமும் கேட்டுது.

– இந்த மண்ணுகட்டிய ஏன் ஒடைக்கல?

– அதுவா, சாக்கைப் பிரிச்சதும் பூசணிக்கா தண்டிக்கு ஒரு கட்டி விழுந்தது. பாக்க மலை மாதிரி இருந்ததா, ஒடைக்க மனசு வரல. அப்பிடியே தண்ணியோரத்துல வச்சு மேல கொஞ்சம் பாசி ஒட்டுனேன்.

– எங்க ஊர்ல கட்டி மண்ணு வந்தா மொத வேல அத்த ஒடைக்கறதுதான். ஒடைக்காம யாரும் வூட்டுக்குள்ள கொண்டார மாட்டாங்க. தோ, அடில பாரு ஓட்ட. கையி பூர்ற அளவு.

– கையை விடாத முனியம்மா, பாம்பு கீம்பு இருந்துரப்போகுது.

– பேசாம இரு. வழுக்குது. ம், மாட்டிக்கினான். அந்த சொம்பக் குடு, சீக்கிரம்.

– என்ன சவம் இது, கறுப்பா?

– கொறவ மீனு. ஒரு சாண் கீது. வவுத்தப் பாரு, முட்டிக்கினு கீது. வாய்க்குள்ள இன்னும் வாலு தெரியுது, உன் கெண்டக்குஞ்சு வாலு. எண்ணிக்கோம்மா.

– இதை யாரு உள்ள விட்டா? நான் விடல. சுப்பராயனும் கொண்டாரல.

– யாரும் வுடல. இது கட்டிக்குள்ளயே தூங்கிக்கினு இருந்திச்சி. ஏரித் தண்ணி வத்துறப்போ கொறவ சேத்துக்குள்ள எறங்கிடும். மேல மண்ணு காஞ்சி இறுகிப்போனாலும் உள்ள ஈரத்துல சுருண்டுக்கினு கெடக்கும். மறுபடி தண்ணி வந்தா எழுந்துக்கும். நீங்க கட்டியக் கொண்டாந்து தண்ணியோரமா வெச்சீங்க, எழுந்துகிச்சி. பசி இருக்காதா?

– தவக்களை, நண்டு எல்லாம் இதுவா தின்னுது?

– எல்லாம் இதுதான். மண்ணு மேலயும் ஊரும், காத்தும் முழுங்கும். உங்க தொட்டிக்கு இத்த வுட ஏத்த பிராணி கெடைக்காது, பாதி தண்ணி பாதி மண்ணு ரெண்டுலயும் பொழைக்கும். மத்தத்த வாழ வுடாது, அவ்ளோதான்.

– முனியம்மா.

– சொல்லுங்க.

– கோட்டிக்காரி மாதிரிப் பேசிட்டேன். முந்தானையை ஒதறச் சொன்னேனே ஒன்னை.

– வுடுங்க.

– விட முடியல. இந்தப் பொட்டல் காட்டு குவார்ட்டர்ஸ்ல எனக்குத் தொணை இந்தத் தொட்டியும் நீயும்தான். தொட்டில ஒண்ணு கொறைஞ்சதும் ஒன்னையச் சந்தேகப்பட்டுட்டேன். மனசு கேக்கல. அவுக இன்னும் கொஞ்ச நேரத்துல, அஞ்சு மணிக்கு வந்துருவாக. வந்ததும் நானே சொல்லி நடேசன் காகிதத்துல கையெழுத்து வாங்கித் தாறேன், போதுமா? ஏன் அந்தக் கட்டியவே பாத்துட்டு நிக்க?

– இந்த மண்ணு எங்கேந்தும்மா வந்துச்சி?

– அவுகதான் கொண்டாந்தாக. புது பாக்டரி கட்டப்போற எடத்துல மண்ணு எவ்வளவு கனம் தாங்கும்னு பாக்க நாலஞ்சு குழி தோண்டுனாகல்லா, அதுலேருந்து ரெண்டு சாக்கு. ஒண்ணு இது. இன்னொண்ணு பின்னால செட்டுல கெடக்கு.

– புது பாக்டரின்னா, எங்க ஊருக்குக் கெழக்கால, ஒத்தப் பனமரம் கீதே, அங்கியா?

– ஆமா, அங்ஙனதான்.

– அது எங்க சித்தேரிம்மா.

– ஏரியா? அது மேட்டு நெலம்லா. அவுக சொன்னாக.

– அப்பிடித்தான் எழுதியும் குடுத்து கீறாரு ஐயா. மேட்டு நெலம், இருவது வருசமா தண்ணி நின்னதே இல்லன்னு. வர்ற வெள்ளிக்கெழம தாசில்தாரு விசாரணைக்கு வர்றாரு. எங்க ஆளுங்க ஏரின்னு சொன்னா அடையாளம் காட்டுன்றாங்க. கரைய வெட்டி வாரிக்கினு பூட்டாங்க, மேல பூரா செம்மண்ணு கொட்டி கீது. எத்தம்மா காட்டறது? எங்க பேச்ச யாரும் எழுதிக்கக்கூட மாட்டேன்றாங்க.

– செம்மண்ணா?

– இன்னாம்மா?

– நீ தொவைச்சியே, அவுக பேண்ட்டு. எங்கேருந்து இவ்வளவு செம்மண்ணுன்னு நானும் கேட்டேன். குழி தோண்டி முடிஞ்சதும் சைட்டுல நூறு லாரி கொட்டி மேடாக்குதோம்னு சொன்னாக. மேடா இருக்குற எடத்தை எதுக்கு மேடாக்கணும்னு எனக்கு அப்பம் தோணல.

– அந்த இன்னொரு சாக்கக் காட்டுங்க.

– வா, செட்டுக்கு. இதோ, தொவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல.

– அதான் தண்ணி தெறிச்சி ஈரம் வுடாம கீது. வாயில சீட்டு ஒண்ணு கட்டி கீதே, எனக்குப் படிக்கத் தெரியாது. இன்னா போட்டு கீது?

– 'புது பாக்டரி சைட்டு. குழி நாலு. ஆழம் மூணடி.' கீழ தேதி. அவுக கையெழுத்து.

– உள்ள பெரிய கட்டி ஒண்ணு கீது, அந்தச் சுத்தியக் குடுங்க. மெதுவா ஒரு தட்டு போதும். தோ, பாருங்க, இன்னொரு கொறவ.

– சுருண்டு கெடக்கு. செத்துருச்சா?

– செவுளு ஆடுது பாருங்க. இது போன ஐப்பசி மழைல முழங்கா மட்டும் நின்ன தண்ணிலதாம்மா இருந்துச்சி. எம் புள்ளைங்க அதுலதான் குளிச்சிதுங்க. இருவது வருசமா காஞ்சிக் கெடந்த மேட்டுல கொறவ மொளைக்குமா?

– முனியம்மா, அதைக் கீழ வையி.

– இன்னாத்துக்கு?

– நான் சொல்லுதேன், வையி. நடேசன் காகிதம் இன்னைக்கே கையெழுத்தாகும், அதுக்கு நான் பொறுப்பு. இந்தச் சாக்கு இங்ஙனயே கெடக்கட்டும். வெள்ளிக்கெழமை கழியட்டும், கேட்டியா. அவுகளுக்கு மேலயும் ஆளுங்க இருக்காகல்லா. எழுதுன்னு சொல்லிருப்பாக, எழுதிருப்பாக. இது வெளிய தெரிஞ்சா அவுக வேலையும் போயிரும்.

– எங்கூட்டுக்காரருக்குச் சம்பளம் வரும். மத்த அறுவது வூடு? அந்தத் தண்ணிய வெச்சித்தான் ஒரு போகமாவது நெல்லப் பாக்குது.

– ஒன் பிள்ளைங்களைப் பாரு.

– பாத்துக்கினுதாம்மா கீறேன்.

– நடேசன்ட்ட என்ன சொல்லுவ?

– தெரியலம்மா. ஆறு வருசமா நின்ன மனுசன். மொகத்தப் பாத்து இன்னா சொல்றதுன்னு தெரியல. உங்க ஊர்ல ஏரி கெடையாதா?

– குளம்னு சொல்லுவோம். எங்க அப்பா குளத்துப் பாசனக்காரர்தான். மடை தொறக்குற அன்னைக்கு வீட்டுல பாயசம் வைப்பாக.

– அப்போ உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

– வேண்டாம். எனக்குத் தெரியும். தெரியாம இருந்தா நல்லா இருந்துருக்கும்.

– ஜீப்பு சத்தம் கேக்குதும்மா.

– கேட்டுது. திருப்பத்துல வருது.

– இந்தக் கட்டியயும் சீட்டையும் எடுத்துக்கினு போறேன். புடிக்கணும்னா இப்பவே கூப்பாடு போடுங்க.

– அந்த ஈரத்துணிய எடுத்துச் சுத்திக்கோ, காஞ்சிரப்போகுது. பின்கதவு தாழ்ப்பா போடல. ஆனா சாக்கு பிரிஞ்சு கெடக்கு, தொட்டி கலங்கிக் கெடக்கு, ஒன்னையும் காணோம். என்னதான் நடந்துதுன்னு கேப்பாகல்லா? அவுகட்ட நான் என்ன சொல்ல, முனியம்மா?

– இவ்ளோ நேரமா சொல்லிக்கினு இருந்தியே, அத்தையே சொல்லும்மா. மீனத் திருடிக்கினு முனியம்மா ஓடிட்டான்னு.